சாம்பிராணி மணத்த கரிக்கார்

"ஞாயிறு. காலை 7.10. பூந்தமல்லி, சந்தை மைதானம். வந்து சேர்ந்த மோட்டார்கள் பதினொன்று. அவற்றில் ஒன்றை மாடு இழுத்து வந்தது. நர்ஸம்மாவின் கார் கடைசி. தானாக வந்தது."

இது என் பழைய சட்டைப்பை நோட்டில் பென்சிலால் எழுதிய குறிப்பு. தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. 194 வரைக்கும் இருக்கிறது, கடைசி எண் இல்லை. பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்தது. குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். ரயில் நிலைய விளக்குகளில் கறுப்பு மூடி இன்னும் இருந்தது. இவற்றை வைத்துப் பார்த்தால் நாற்பத்திரண்டின் கடைசியாகவோ நாற்பத்துமூன்றாகவோ இருக்கவேண்டும். இரண்டில் எது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. மணிக்கணக்கு மட்டும் முழுசாக இருக்கிறது. அன்றைக்கு மணி பார்த்து எழுதுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அதில் நான் எப்படித் தவறினேன் என்பதையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

எல்லாரும் அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டோம். உறவினர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெரியாததால் பெயரை விட்டுவிடுகிறேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரியவேண்டும் என்பதற்காக இருக்கையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் கம்பளியை நாலாக மடித்து வைத்து உட்காருவார். வெள்ளைப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு லேடி டாக்டர் விட்டுச் சென்ற சின்னக் கார் அது. பாரிவாக்கம், காட்டுப்பாக்கம், அதற்கு அப்பால் வண்டித்தடம் மட்டுமே உள்ள ஊர்கள் என்று பிரசவம் பார்க்க அதில்தான் போவார்.

எதைப் பற்றிப் பேசினாலும் அதன் குறையை முதலில் சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பார். "பால் தண்ணி. வெல்லம் தீஞ்சிபோச்சி. குடிங்க" என்பார். ஒருமுறை தன் ஆட்டை விற்கப் பார்த்தார். கேட்டு வந்தவர்களிடம், "முட்டும், கயித்தை அறுக்கும், கொடியில காயற துணியைத் தின்னும்" என்றார். இரண்டு மாதம் யாரும் வாங்கவில்லை. கடைசியில் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "இதுக்கு மேல கெட்டது இன்னா இருக்கப் போவுது" என்று ஓட்டிக்கொண்டு போனார். மறுவாரமே நர்ஸம்மா அவர் வீட்டுக்குப் போய், ஆடு செருப்பையும் தின்னும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தாராம்.

என் மூத்த மகன் பிறந்தபோது நான் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ரைட்டரே, மொதல்ல கொறையைச் சொல்லிடறேன். ஒரு காது மடிஞ்சிகீது. தலை கொஞ்சம் கோணல், பத்து நாள்ல சரியாப்பூடும். தொண்டை பெருசு. இனிமே உங்களுக்குத் தூக்கம் கெடையாது."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம்?"

"அப்பால இன்னா, ஆம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

பிறந்த நேரத்தைக் கேட்டேன். அது என் சுபாவம். "நாலு மணி எட்டு நிமிசம். என் கடியாரம் ரெண்டு நிமிசம் மெதுவாப் போவும். நீங்களே கூட்டிக்கோங்க" என்றார்.

நான் அப்போது பஞ்சாயத்து ஆபீசில் ரைட்டர். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கடிகாரமும் நோட்டுமாக நிற்கும்படி ஆயிற்று. சும்மா நிற்கிற மோட்டார்களைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். பெட்ரோல் இல்லாததால் முக்கால்வாசி மோட்டார்கள் சும்மாதான் நின்றன. ஆனால் கரி காஸில் ஓடும்படி மாற்றி, பூந்தமல்லியிலிருந்து ஆவடி ரயில்வே கேட்டுவரை போய் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால், அந்த வண்டியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். தோற்ற வண்டி திங்கட்கிழமை பட்டாளத்துக்குப் போய்விடும். சர்க்கார் இதற்குப் பரீட்சை என்று பெயர் வைத்தது. ஜனங்கள் காட்சி என்று சொல்லி, கட்டுச்சோறோடு வந்துவிட்டார்கள்.

உண்மையில் அது காட்சிதான். கரி காஸ் என்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. வண்டியின் பின்னால் ஒரு பீப்பாய். அதில் கரியைப் போட்டு, போதாத காற்றில் புழுங்கவிட்டால் ஒரு வாயு வரும். அதைக் குழாயில் ஆறவைத்து, துணியில் வடிகட்டி என்ஜினுக்கு விட்டால் வண்டி ஓடும். சூத்திரம் ஒன்றுதான் என்றாலும் பத்துப் பேரும் பத்து விதமாகச் செய்திருந்தார்கள். ஒருவர் பின் சீட்டை அறுத்தெறிந்துவிட்டு அங்கே அடுப்பு வைத்திருந்தார். ஒருவர் கூரைமேல் பித்தளை அண்டாவைக் கவிழ்த்திருந்தார். அரிசி மில்காரரின் பெரிய காரில் செப்புக் குழாய்கள் தங்கம் மாதிரி மின்னின. குழாய் எங்கே போகிறது என்று பார்க்க ஜனங்கள் வண்டிகளுக்கு அடியில் படுத்தே பார்த்தார்கள். நானும் படுத்தேன்.

மில்காரர் தன் வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்த்துக்கொண்டு, "கையைத் தடவிப் பாரு, கரி ஒட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நர்ஸம்மாவின் கார். தார்ப் பீப்பாயை வெட்டி ஒட்டிய அடுப்பு, கூரைத் தண்ணீர் வடிக்கும் தகரத்தில் குழாய். ஆவடியில் பட்டறை வைத்திருந்த பிட்டர் ஒருவர் நாலு மாதம் உழைத்துச் செய்தது.

"இது எப்படிம்மா ஓடும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கெளப்ப இருவது நிமிசம். மேடு ஏறாது. பின்னாடி உக்காந்தா இருமல் வரும்."

கேட்டவர் நகர்ந்துவிட்டார். பிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நர்ஸம்மா, கொஞ்சம் வாயை மூடிகினு கீறியா? நாலு மாசம் தூங்காம செஞ்சிகீறேன்."

"நல்லதும் சொல்லுவேன் அண்ணாத்தே. அதுக்குள்ள போயிடறானுங்க, நான் இன்னா பண்ண?"

மாடு இழுத்து வந்த மோட்டார் காட்டுப்பாக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருடையது. என்ஜினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு முன்னால் நுகத்தடி பூட்டியிருந்தார். பரீட்சை நடத்த வந்த இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர். தொப்பி, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. அவர் அந்த வண்டியை வெகுநேரம் பார்த்தார்.

"இது மோட்டார் அல்ல."

"டயர் கீது, ஹாரன் கீது, லைட்டு கீது. பெட்ரோல் இல்லாம ஆவடி போவணும்னுதானே சொன்னீங்க? போவுது" என்றார் பண்ணைக்காரர். கூட்டம் அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அந்த இடத்திலேயே ஒரு புது விதியைச் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். மாடானாலும் மனிதரானாலும் வெளியார் இழுத்தாலோ தள்ளினாலோ அந்த ஓட்டம் சேராது. எழுதிக்கொண்டேன். மணி 8.15.

ஒவ்வொரு வண்டியின் பெட்ரோல் குழாயையும் மூடி அரக்கு முத்திரை வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் மணி எழுத ஓர் ஆள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் ஏற மற்றவர்கள் தயங்கியதால் நான் ஏறிக்கொண்டேன். பிட்டர் பின்னால் இருந்த கை விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கரியை மூட்டினார். பிறகு குழாயின் முனையில் தீக்குச்சி காட்டினார். நீலமாக ஒரு சுடர் எழுந்து நின்றது. கூட்டம் மொத்தமும் ஹோவென்று கத்தியது. நர்ஸம்மா அந்தச் சுடரையே பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எந்தப் பிரசவ வீட்டிலும் பார்த்ததில்லை.

9.05க்குக் கிளம்பினோம்.

வண்டி ஓடியது என்று மட்டும் எழுதினால் போதாது. மணிக்குப் பதினைந்து மைல் இருக்கும், ஆனால் எனக்கு அது பறப்பதாகவே இருந்தது. தகரக் குழாய் அதிர்ந்து பாடியது. பிட்டர் பின் பலகையில் நின்றபடி சாக்கிலிருந்து கரி அள்ளிப் போட்டார். இரண்டு வண்டிகளைத் தாண்டினோம். அண்டா வைத்த கார் வரப்போரம் புகைந்துகொண்டு நின்றது. நர்ஸம்மா பலகையின்மேல் எழும்பி எழும்பி உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். "ரைட்டரே, இந்த வண்டில ஒரு நல்லது கீது, சொல்லட்டுமா?" என்று கத்தினார். "சொல்லுங்கள்" என்று நானும் கத்தினேன். அதற்குள் பாரிவாக்கம் வந்துவிட்டது.

பாரிவாக்கத்தில் சாலையை மறித்துக்கொண்டு இருபது, இருபத்தைந்து பெண்கள் நின்றார்கள். பாதிப்பேர் இடுப்பில் நர்ஸம்மா கையில் பிறந்த குழந்தைகள். ஆரத்தித் தட்டு, எலுமிச்சம்பழம், குங்குமம். வண்டியை நிறுத்தாமல் வழியில்லை. பிட்டர் அந்த நேரத்தில் கரி நிரப்பப் பீப்பாயின் மூடியைத் திறந்திருந்தார். உள்ளே தகதகவென்று தணல். அதைப் பார்த்த ஓர் இளம்பெண்ணுக்கு என்ன தோன்றியிருக்கும்? நல்ல காரியம், எதிரே தணல், கையிலே சாம்பிராணி. இரண்டு கை நிறைய அள்ளி உள்ளே போட்டுவிட்டாள்.

பிட்டர் அலறிவிட்டார். "யம்மா, இன்னாத்த போட்ட?"

"சாம்பிராணிதான் அண்ணே. நெருப்புல போட்டா இன்னா?"

முதல் மைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி போன வழியெல்லாம் மார்கழிக் காலைக் கோயில் மாதிரி மணத்தது. வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கைகூட எடுத்துக் கும்பிட்டார். நானே சிரித்துக்கொண்டிருந்தேன். பருத்திப்பட்டு ஏரிக்கரை மேட்டில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பிட்டர் வடிகட்டியைத் திறந்து காட்டினார். சாம்பிராணிப் பிசின் உருகி ஆவியாகி வந்து துணியில் படிந்து, பலாப்பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. காற்றுகூடப் போகாது. மாற்றுத்துணி கிடையாது. நர்ஸம்மா தன் பிரசவப் பையைத் திறந்து, கட்டுப்போடும் மெல்லிய துணிச் சுருள்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிட்டர் அதை எட்டாக மடித்து உள்ளே திணித்தார். ஆனால் வண்டி கிளம்பவில்லை. பாட்டரி இறங்கிவிட்டது. மணி 9.46.

ஏரியில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எட்டுப்பேர் கரையேறி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. "நர்ஸம்மா வண்டிடா" என்றார் ஒருவர். அடுத்த நொடி எட்டுப்பேரும் வண்டியின் முதுகில் கைவைத்துவிட்டார்கள். "கை வெக்காதே நைனா, கூடாது" என்று நர்ஸம்மா சொல்வதற்குள் வண்டி மேட்டின் உச்சிக்கே போய்விட்டது. இறக்கத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. ஆவடி கேட்டில் கொடியைச் சுற்றித் திரும்பினோம். மில்காரரின் செப்புக் குழாய் வண்டி அங்கே மூடி திறந்து கிடந்தது. அவர் கை இரண்டும் முழங்கைவரை கரி. பாரிவாக்கத்தில் பெண்கள் மறுபடி தட்டோடு ஓடி வந்தபோது நர்ஸம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கடந்தார். மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி 10.31. நாலு நிமிடம் மிச்சம். மனிதர்கள் மனிதர்கள்மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

நான் நோட்டை நீட்டினேன். அதில் இப்படி எழுதியிருந்தேன்: "பருத்திப்பட்டு ஏரிக்கரை. நிறுத்தம். வடிகட்டித் துணி மாற்றம். பதினான்கு நிமிடம்." தள்ளியதை எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். அந்த வண்டி போய்விட்டால் நாலு ஊரில் பிரசவ வலி வரும்போது அவர் நடந்துதான் போகவேண்டும். எல்லாக் குழந்தையும் அவர் நடந்து வந்து சேரும்வரை காத்திருக்காது.

இன்ஸ்பெக்டர் அரக்கு முத்திரையைப் பார்த்தார். உடையவில்லை. பேனாவைத் திறந்தார்.

"ஐயா, கொறையை மொதல்ல சொல்லிடறேன்" என்றார் நர்ஸம்மா.

பிட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏரிக்கரை மேட்டுல எட்டுப்பேர் தள்ளினாங்க. நான் கூப்பிடல. ஆனா தள்ளினாங்க. அது இல்லேன்னா இன்னும் அங்கதான் நின்னுகினு இருப்போம்."

இன்ஸ்பெக்டர் என் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதவில்லையே?"

"இல்லை ஐயா."

"விதி எழுதினது இதே கைதானே?"

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவை மூடினார். ஓட்டம் சேராது என்றார். நர்ஸம்மா கேட்டார்: "பட்டியலை எப்போ மூடுவீங்க?"

"மாலை ஐந்து மணிக்கு."

"அப்போ இன்னொரு தபா ஓட்டறேன். ஓடக்கூடாதுன்னு விதி கீதா?"

இன்ஸ்பெக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லை. ஆனால் மணி எழுத இவர் வேண்டாம். நானே வருகிறேன்."

கரி தீர்ந்திருந்தது. இஸ்திரி போடுகிறவர் பெட்டியோடு ஓடி வந்து கவிழ்த்தார். டீக்கடையிலிருந்து ஒரு கூடை, வீடுகளிலிருந்து முறத்திலும் சட்டியிலும் வந்துகொண்டே இருந்தது. நர்ஸம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். "இது ஈரம். இது பொறி பறக்கும். இதுல பாதி சாம்பல். கொட்டு, எல்லாத்தையும் கொட்டு." வடிகட்டிக்குத் துணி வேண்டும். பிட்டர் பிரசவப் பையில் மிச்சமிருந்த இன்னொரு சுருளில் கை வைத்தார். "அது பாரிவாக்கத்துல இந்த வாரம் பொறக்கப்போற புள்ளைக்கி. தொட்டா வெரலை ஒடிச்சிடுவேன்" என்றார் நர்ஸம்மா. பிட்டர் தன் தலைமுண்டாசை அவிழ்த்து மடித்து வைத்தார். சைக்கிள்காரர் ஒருவரை முன்கூட்டியே பாரிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். எவளாவது தட்டை எடுத்தால் அடுத்த பிரசவத்துக்கு நர்ஸம்மா வரமாட்டார் என்று சொல்லும்படி.

12.20க்குக் கிளம்பினார்கள். இன்ஸ்பெக்டர் முன் இருக்கையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பிட்டர் பின் பலகையில்.

நான் மைதானத்தில் நின்றேன். என் கடிகாரத்தை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதினேன். 12.40. 1.00. 1.15. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மாட்டு மோட்டார்க்காரர் தன் வண்டியின் கூரைமேல் ஏறி நின்று ஆவடிப் பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல. தூசி. இல்ல, அது மாடு." பிறகு, "புகை கீது" என்றார். எல்லாரும் சாலைப் பக்கம் நகர்ந்தோம். தகரக் குழாயின் பாட்டு முதலில் கேட்டது. மணி 1.43. ஏழு நிமிடம் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். தொப்பி தலையில் இல்லை, பின் இருக்கையில் கிடந்தது. காக்கிச் சட்டையின் கை மடித்துவிடப்பட்டிருந்தது. முகம் கரி. நேராக மேஜைக்குப் போய், பட்டியலில் ஒரு கோடு அடித்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கூட்டம் இரைந்த இரைச்சலில் மாடுகள் மிரண்டு, என்ஜின் இல்லாத மோட்டார் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பிட்டர் என் காதோடு சொன்னார்: "ரைட்டரே, ஏரிக்கரை மேட்டுல திரும்பவும் இஸ்துகினு நின்னுபோச்சி. யாரு தள்ளினது தெரியுமா? அந்த ஆளுதான். தொப்பியைக் கழட்டி உள்ள போட்டுட்டு எறங்கி வந்து தோளைக் குடுத்தாரு. அவரு வெளியாள் இல்லியாம், வண்டில வந்தவராம்." பிட்டர் கதை கட்டக்கூடியவர். அதனால் மறுநாள் நர்ஸம்மாவிடமே போய்க் கேட்டேன். நேற்றைய தவற்றுக்குப் பிறகு ஒன்றையாவது சரியாக எழுதிவைக்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.

காரின் அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

"தள்ளினாரா?"

"என் வண்டிக் கொறையைக் கேளுங்க, பத்து சொல்றேன். முண்டாசு பொசுங்கிப்போச்சி. குழாயில ஓட்டை. பிரேக்கு சரியா புடிக்கல."

"இன்ஸ்பெக்டர் தள்ளினாரா என்று கேட்கிறேன்."

"தள்ளியிருந்தா அது அந்த ஆளு கொறை ரைட்டரே. என்னுது இல்ல. நான் எதுக்கு சொல்லணும்? அந்த ஸ்பானரை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அந்த வார முடிவில் பாரிவாக்கத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா காரில்தான் போனார். யுத்தம் முடியும்வரை அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பின்னால் நான் இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஏரிக்கரையில் அன்று மத்தியானம் இருந்ததாகச் சொன்ன இருவரில் ஒருவர் தொப்பியில்லாத உயரமான ஆள் தள்ளியதைப் பார்த்ததாகச் சொன்னார். மற்றவர் வண்டி நிற்கவே இல்லை என்றார். ஆக, பருத்திப்பட்டு மேட்டில் இரண்டாவது ஓட்டத்தின்போது இன்ஸ்பெக்டர் இறங்கித் தள்ளினாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.